பிரெட் ஹார்ட்டைத் தேடி: சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஆர்கேட்டா வரை

போன மாதம் போய்வந்த சாலைப் பயணத்தின் குறிப்புகள், தேதி வாரியாக. தங்க வேட்டைக் காலத்துக் கலிபோர்னியாவைச் சிறுகதையாக்கி உலகத்துக்குக் கொடுத்தவர் பிரெட் ஹார்ட். 1836இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். 1854இல் கலிபோர்னியாவுக்கு வந்தபோது வயது பதினேழு. 1871இல் கிளம்பிப் போனவர் திரும்பி வரவே இல்லை. சுரங்கப் பக்கம் அவர் கழித்த காலம் ரொம்பச் சொற்பம். சுற்றுலாப் பலகைகளோ நம்மைச் சுரங்க ஊர்களுக்குத்தான் அனுப்புகின்றன. போகட்டும், அவையும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் அவர் உண்மையில் உழைத்தது அச்சுக்கூடங்களில்.

அக்டோபர் 8, சான்பிரான்சிஸ்கோ

இந்த ஊருக்குக் கோடை என்பது செப்டம்பர், அக்டோபர்தான். ஜூலையில் மூடுபனியில் நடுங்கியவர்கள் இப்போது வந்தால் நம்பமாட்டார்கள். காலையிலேயே நல்ல வெயில்.

ஐந்தாம் தெருவில் பெரிய கல் தங்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) ஒன்று இருக்கிறது. ஹார்ட் வேலை பார்த்த இடம் என்று அதைக் காட்டுபவர்கள் உண்டு. அது திறந்ததே 1874இல், அவர் ஊரைவிட்டுப் போய் மூன்று வருடம் கழித்து. அவர் எழுத்தராக இருந்த பழைய தங்கசாலை சீனர் பேட்டையை ஒட்டிய கமர்ஷியல் தெருவில் இருந்தது. சந்து மாதிரி குறுகிய தெரு. அதே மனையில் பின்னால் அரசுக் கருவூலம் கட்டினார்கள். அந்தச் செங்கல் முகப்புதான் இன்று மிச்சம். அந்தக் கல் மாளிகைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.

அந்த வேலையில் சம்பளம் வந்தது, எழுத நேரமும் கிடைத்தது. அதை வாங்கித் தந்ததில் எழுத்தாளர் ஜெஸ்ஸி ஃப்ரெமான்ட் அம்மையாருக்குப் பங்கு உண்டு. இன்றைய ஃபோர்ட் மேசன் இருக்கும் பிளாக் பாயின்டில் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஹார்ட் அங்கே கையெழுத்துப் படிகளோடு போவார். உள்நாட்டுப் போரின்போது ராணுவம் அந்த வீட்டை இடித்துவிட்டது. அந்த மேட்டில் நின்றால் கடல் காற்று காதை அறுக்கும். வெயிலை நம்பி ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மதியம், ஈய எழுத்தில் அச்சுக் கோக்கக் கற்றுத்தரும் ஒரு பட்டறை. ஹார்ட்டைப் படிப்பதற்கு இது எந்த நினைவிடத்தையும்விட உதவும். ‘கலிபோர்னியா ஜாப் கேஸ்’ என்று ஒரு தட்டு. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே தட்டில், 89 அறைகள். அதிகம் புழங்கும் ‘இ’க்குத்தான் ஆகப் பெரிய அறை. இடது கையில் ஸ்டிக் (எழுத்துகளை வரியாக அடுக்கும் சிறு தட்டு), வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்க வேண்டும். எழுத்தின் உடம்பில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டு மேலே பார்த்திருக்கும்படி வைத்தால் எழுத்து நேராக நிற்கும். வரி இடமிருந்து வலமாகப் போகும், ஆனால் தலைகீழாகப் படிக்க வேண்டும். புதிதாகக் கோப்பவர்கள் தவறாமல் செய்வது இரண்டு: ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றுவது, வரியை இறுக்காமல் விடுவது. தளர்ந்த வரி ஸ்டிக்கிலிருந்து ‘காலி’ என்ற நீளத் தட்டுக்கு மாற்றும்போது பொலபொலவென்று கொட்டிவிடும். அன்று பக்கத்து மேஜையில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. சொல்லிக்கொடுத்த பெரியவர் முகம் சுளிக்கவில்லை. குனிந்து கூடவே பொறுக்கினார், “இதைத்தான் ‘பை’ (pie) என்போம், சாப்பிட முடியாது” என்று சொல்லிக்கொண்டே.

ஹார்ட் ‘கோல்டன் எரா’ பத்திரிகையில் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோப்பவர். எழுதி வைத்துக்கொள்ளாமல் கதையை நேராக ஸ்டிக்கிலேயே கோத்துவிடுவார் என்று சொல்வதுண்டு. நம்பலாம் என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தூக்கி வைத்தவனுக்கு உபரிச் சொல் கனக்கும்.

1868 ஜூலையில் ‘ஓவர்லாண்ட் மந்த்லி’ தொடங்கியபோது அவர்தான் ஆசிரியர். அட்டைக்கு ஒரு கரடிப் படம் வந்தது. உறுமிக்கொண்டு நிற்கிறது, எதைப் பார்த்து என்று தெரியவில்லை. ஹார்ட் அதன் காலடியில் இரண்டு கோடு இழுத்தார். தண்டவாளம்! வரப்போகும் ரயிலைப் பார்த்துப் பழைய கலிபோர்னியா உறுமுகிறது. இரண்டே கோட்டில் படத்துக்குக் கதை வந்துவிட்டது.

மாலையில் போஸ்ட் தெருவில் போஹீமியன் கிளப்பின் வெளிச்சுவரைப் பார்த்தோம். ஜோ மோரா 1919இல் செய்த வெண்கலப் புடைப்பில் ஹார்ட்டின் பாத்திரங்கள் வரிசையாக இருக்கிறார்கள். உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்க்கக் காசு கிடையாது. எதிர்ச்சாரியில் நின்றால்தான் முழுதும் கண்ணில் படும். இரவுச் சாப்பாடு சீனர் பேட்டையில், இரண்டு பன்றி இறைச்சி பன், ஒரு முட்டை டார்ட், தேநீர், பத்து டாலருக்குள்.

அக்டோபர் 9, சைனீஸ் கேம்ப் வழியாகக் கொலம்பியா

பள்ளத்தாக்கைத் தாண்டி மலையடிவாரம் ஏறியதும் புல் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறம். முப்பது டிகிரி வெயில்.

சைனீஸ் கேம்ப் பெயரைப் போலவே சீனச் சுரங்கத் தொழிலாளிகளின் ஊர். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் மின்னலால் பிடித்த தீயில் வீடுகளும் பழைய கட்டடங்களும் பல போய்விட்டன. 1855ஆம் ஆண்டுத் தேவாலயம் தப்பியது. கரிந்த மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது அங்கே வாழ்கிறவர்களுக்குப் பிடிக்காது, நியாயம்தான். மெதுவாகக் கடந்து வந்துவிட்டோம்.

கொலம்பியா 1945 முதல் மாநிலப் பூங்கா. முக்கியத் தெருவில் கார் கிடையாது. 1854இலும் 1857இலும் ஊர் எரிந்தது. அதற்கப்புறம் செங்கல் சுவர், இரும்புக் கதவு, இரும்பு ஜன்னல் என்று கட்டினார்கள். அந்தக் கதவுகளைத் தொட்டுப் பாருங்கள், மதியத்தில் தோசைக்கல்தான். ஊரின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் பல் பல்லாக நிற்கின்றன. சிற்பம் என்று நினைத்தால் இல்லை. அந்த உச்சி வரைக்கும் ஒரு காலத்தில் மண் இருந்தது. தங்கத்துக்காக அத்தனையையும் அலசி எடுத்துவிட்டார்கள்.

தொட்டியில் தட்டு வைத்துத் தங்கம் அலசிப் பார்க்கலாம், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர். முக்கால் தட்டு மண், தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்த வேண்டும். கட்டிகளைக் கையால் கரைத்துக் கூழாங்கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். பிறகு தட்டைச் சாய்க்காமல் இடவலமாக நன்றாகக் குலுக்க வேண்டும். தங்கம் தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு எடை, மணல் இரண்டரை மடங்குதான், ஆகவே குலுக்கக் குலுக்கத் தங்கம் அடியில் இறங்கும். அப்புறம்தான் சாய்த்து, மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அலை அடித்துப் போகவிடுவது. பெரும்பாலோர் குலுக்குமுன் சாய்த்துவிடுகிறார்கள், தங்கமும் மண்ணோடு போய்விடுகிறது. கடைசியில் கறுப்பு மணல் மிஞ்சும். அது இரும்புத் தாது, காந்தத்தால் எடுக்கலாம். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் பொடித் தங்கம் மிதந்து ஓடிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் மூழ்கும்.

பழகிய கை ஒரு நாளில் ஐம்பது தட்டு அலசும் என்பது பொதுக் கணக்கு. குளிர்ந்த ஆற்றில், குனிந்தபடி. சுரங்க ஊர்களில் அவுன்ஸ் தங்கம் 16 டாலருக்குப் போயிற்று. 1850இல் அயல்நாட்டுத் தொழிலாளிகளுக்கு மட்டும் மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். அதாவது ஒன்றேகால் அவுன்ஸ் தங்கம் வரிக்கே போய்விடும். மெக்சிகர்களும் சிலியர்களும் மூட்டை கட்டிக் கிளம்பிய காரணம் இதுதான். பிறகு மூன்று டாலர், நான்கு டாலர் என்று மாற்றிச் சீனர்களிடம் வாங்கினார்கள்.

ஹார்ட்டின் முதல் பெரிய கதை, 1868 ஆகஸ்டில் வந்த ‘ரோரிங் கேம்ப்பின் அதிர்ஷ்டம்’, இப்படி ஒரு முகாமில் நடப்பது. ஆண்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரே ஒரு பெண், பாலியல் தொழில் செய்கிறவள், பிள்ளை பெற்று இறந்துபோகிறாள். குழந்தையைப் பார்க்க வரிசையில் வந்தவர்கள் தொப்பியில் மொய் போடுகிறார்கள்: வெள்ளிப் புகையிலைப் பெட்டி, ரிவால்வர், தங்கக் கட்டி, யாரோ ஒருவர் பெயரின் முதலெழுத்து பொறித்த வெள்ளிக் கரண்டி (போட்டவர் பெயர் அதுவல்ல), வைர ஊசி. ஊசியைப் பார்த்தவன் அதற்கு மேலே ஏலம் கேட்பதுபோல் வைர மோதிரம் போடுகிறான். பைபிளைப் போட்டது யார் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பட்டியல் ஒன்றே போதும், ஆட்களை வர்ணிக்கத் தேவையில்லை. புரூஃப் பார்த்த பெண் இது அச்சில் வரக்கூடாத கதை என்றார், வெளியிட்டவரும் தயங்கினார். கதை இல்லையென்றால் ஆசிரியரும் இல்லை என்று ஹார்ட் நின்றார்.

கொலம்பியா கடைக்காரர்கள் பழைய கால உடுப்பில் நிற்கிறார்கள். நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் ஹார்ட் என்றால் “பள்ளிக்கூடத்தில் படித்தது” என்பதோடு சரி.

அக்டோபர் 10, நெடுஞ்சாலை 49

ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் எங்கே திரும்பினாலும் தவளை. மார்க் ட்வைனின் தவளைக் கதை பிறந்த ஊர், 1928இலிருந்து மே மாதம் தவளைத் தாண்டல் போட்டி. ஹார்ட்டுக்கு உயர்நிலைப் பள்ளியின் பெயர் கிடைத்தது. மலைமேல் இன்னும் போனால் ‘ட்வைன் ஹார்ட்’ என்றே ஓர் ஊர். ட்வைன் அதைப் பார்த்திருந்தால் பல்லைக் கடித்திருப்பார். ஆரம்ப காலத்தில் தன் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் ஹார்ட் என்று சொன்னவரே பின்னால் அவரைத் திட்டாத நாளில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே வேண்டாம்.

பிளாசர்வில்லில் ‘ஹேங்டவுன் ஃப்ரை’ கேட்டு வாங்கினோம். முட்டை, பன்றி வற்றல், சிப்பி மூன்றையும் ஒன்றாகப் போட்ட ஆம்லெட். அந்தக் காலத்தில் முகாமில் கிடைத்ததிலேயே விலை கூடிய மூன்று பொருள், கையில் தங்கம் வந்தவன் பந்தாவாகக் கேட்பது. இன்றைக்கும் இருபது டாலருக்கு மேல். சிப்பி அன்று ரப்பர். கிராஸ் வேலியின் பேஸ்டி எவ்வளவோ தேவலை. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பலகாரம். மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், டர்னிப் வைத்து மடித்த கெட்டி மாவு. ஓரத்தில் முறுக்கிவிட்ட விளிம்பு கைப்பிடி. பத்து டாலர், இரண்டு பேருக்குப் போதும்.

டவுனிவில் போய்ச் சேர இருட்டிவிட்டது. யூபா ஆற்றை ஒட்டிக் கடைசி ஒரு மணி நேரம் வளைவுக்கு மேல் வளைவு. கைபேசிக்குச் சிக்னல் இல்லை, வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒருவழிப் பாலம். எதிரில் வந்த லாரி விளக்கை அணைத்து நமக்கு வழி விட்டது. கடந்ததும் கையைத் தூக்க வேண்டும், அதுதான் மரியாதை.

அக்டோபர் 11, டவுனிவில்

காலையில் மூச்சு விட்டால் புகை. இரண்டு ஆறு கூடும் இடத்தில் பள்ளத்துக்குள் ஊர், வெயில் இறங்கப் பத்து மணி ஆகிறது. சாப்பாட்டுக் கடையில் கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை. இருந்த பணத்தை எண்ணிப் பார்த்துத்தான் இரண்டாவது காபி.

‘போக்கர் ஃப்ளாட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள்’ கதையின் போக்கர் ஃப்ளாட் நிஜ இடம். இங்கிருந்து வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம் கேன்யன் கிரீக் ஓரத்தில். ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறி மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் மண் சாலை. நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தம் மண் சாலைக்கு இடம் தராது, டயர் போனால் கைக்காசு. நாங்கள் ஏற்றத்தின் பாதியில் கல் அடிவயிற்றில் தட்டிய சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டோம். கீழே வந்ததும் கடை வாசலில் இருந்த ஒரு பெரியவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்து, எண்ணெய் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்கக்கூட இல்லை.

கதை 1850 நவம்பர் 23இல் தொடங்குகிறது. ஊர் யோக்கியர்கள் கமிட்டி போட்டுச் சூதாடி ஓக்ஹர்ஸ்ட்டையும் சில பெண்களையும் ஒரு திருடனையும் விரட்டுகிறார்கள். திருடன் இரவோடு இரவாகக் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட, மற்றவர்கள் பனியில் மாட்டிச் சாகிறார்கள். இந்த மலையைப் பார்த்தபின் ஒன்று உறுதி: நவம்பர் கடைசியில் கழுதை இல்லாமல் இங்கே மாட்டினால் பிழைக்க வழியில்லை. அந்தக் கணக்கு சரிதான்.

சரியில்லாதது வேறு. டவுனிவில்லில் 1851 ஜூலை 5 அன்று ஹோசேஃபா என்ற மெக்சிகப் பெண்ணைக் கூட்டம் தூக்கில் போட்டது. முந்தின இரவு தன் வீட்டுக் கதவை உடைத்தவன் மறுநாள் வந்து வாய்ச்சண்டை போட, கத்தியால் குத்திவிட்டாள். ஒரே நாளில் விசாரணை, தீர்ப்பு, தூக்கு. ஹார்ட்டின் கதைகளில் கூட்டம் கொடுமை செய்யும், ஆனால் சாகிறவர்களுக்கு நாடகத்தில் போல் அழகான சாவு கிடைத்துவிடும். ஹோசேஃபா மாதிரி ஒருத்திக்கு அவர் கதையில் இடமே இல்லை. 1870களின் பத்திரிகை வாசகனுக்கு எது விற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மதியம் கிளம்பி வீவர்வில் சேர இரவு. கடைகள் எட்டு மணிக்கே மூடிவிட்டன, பெட்ரோல் பங்கில் வாங்கிய சாண்ட்விச்தான் சாப்பாடு.

அக்டோபர் 12, வீவர்வில்

1874இல் கட்டிய சீனத் தாவோ கோயில், ஊர் நடுவே, ஓடைக்கு அந்தப் பக்கம். அதற்கு முன்னிருந்தது எரிந்துபோயிற்று. மாநிலப் பூங்காவாக இருந்தாலும் வழிபாடு நிற்கவில்லை, ஊதுவத்தி வாசம் மரத்திலேயே ஊறியிருக்கிறது. வாரத்தில் சில நாள்தான் திறப்பு, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டு, பலிபீடம், கொடி எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினார் அந்த அம்மா. அவசரப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்து, “சாமி எங்கேயும் போகாது” என்றார்.

இங்கே நின்று ஹார்ட்டின் 1870ஆம் வருடத்துப் பாட்டை நினைக்காமல் இருக்க முடியாது. ‘ட்ரூத்ஃபுல் ஜேம்ஸ்’ சொல்வதாக வரும் வேடிக்கைப் பாட்டு. சட்டைக் கைக்குள் சீட்டை ஒளித்து ஏமாற்ற வந்த வெள்ளைக்காரனை, ஆ சின் என்ற சீனன் அதே வித்தையில் மிஞ்சிவிடுகிறான். ஆத்திரத்தில் அந்த வெள்ளைக்காரன் அவனை அடிக்கிறான். கேலி யாரை? அடிப்பவனை. ஆனால் நாடு முழுக்கப் படித்தவர்கள் சீனன் தந்திரக்காரன் என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சீனர்களுக்கு எதிரான கூட்டங்களில் அதைப் பாடினார்கள். 1882இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. பாட்டால் சட்டம் வரவில்லைதான். எழுதினவருக்கோ அந்தப் பாட்டுதான் ஆகப்பெரிய பெயர் வாங்கித் தந்தது. மறு வருடமே அவர் கிழக்கே போக, பாஸ்டன் பதிப்பகம் பன்னிரண்டு படைப்புக்கு 10,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. எழுத்து அதற்கப்புறம் தேய்ந்தது. ஜெர்மனியின் கிரேஃபெல்டிலும் பிறகு கிளாஸ்கோவிலும் தூதரக வேலை பார்த்தார். லண்டனில் இருந்துகொண்டு கடைசி வரை அதே சுரங்க முகாம்களையே எழுதினார். 1902 மே 5இல் இறந்தார்.

299ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே இறங்க இறங்க வெயில் குறைந்து, கடலோரம் வந்ததும் பஞ்சு மாதிரி மூடுபனி. ஒரே நாளில் பதினைந்து டிகிரி வித்தியாசம்.

அக்டோபர் 13, ஆர்கேட்டா, யுரேகா

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இங்கே வாருங்கள். அன்று இதன் பெயர் யூனியன். தங்கை வீட்டுக்கு வந்த ஹார்ட் முதலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ‘நார்தர்ன் கலிபோர்னியன்’ என்ற வாரப் பத்திரிகையில் அச்சுக்கூட வேலையும் உதவி ஆசிரியர் வேலையும். சதுக்கத்தின் மூலையில் உள்ள ஜேக்கபி கிடங்கு 1857இல் கட்டியது, ஹார்ட் தினமும் பார்த்த கட்டடம். இப்போது உள்ளே சாப்பாட்டுக் கடைகள். சதுக்கத்தின் நடுவில் நின்ற அதிபர் மெக்கின்லி சிலையை 2019இல் எடுத்துவிட்டார்கள். புல்வெளியில் கிதார் வாசிக்கும் பையன்களும் நாய்களும்.

1860 பிப்ரவரி 26 விடியுமுன், வெள்ளையர் கும்பல் ஒன்று படகில் ஏறி யுரேகாவுக்கு எதிரே உள்ள தீவுக்குப் போயிற்று. அங்கே இருந்தது துலுவாட் என்ற கிராமம், வியோட் பழங்குடி மக்களுடையது. உலகைப் புதுப்பிக்கும் சடங்கு நடந்துகொண்டிருந்த நாட்கள். ஆண்களில் பலர் பொருள் சேர்க்க வெளியே போயிருந்தார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று பெரும்பாலும் கோடரியும் கத்தியும்தான். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அதே சமயத்தில் வேறு கிராமங்களிலும் தாக்குதல். செத்தவர்கள் எண்பதிலிருந்து இருநூற்றைம்பது வரை என்று கணக்குகள் சொல்கின்றன. ஒருவன்மீதும் வழக்கு இல்லை.

பத்திரிகை ஆசிரியர் விப்பிள் வெளியூர் போயிருந்தார். பொறுப்பு இருபத்து மூன்று வயது ஹார்ட்டிடம். யூனியன் படகுத்துறையில் பிணங்களை இறக்கியதை, கிழவிகளும் குழந்தைகளும் வெட்டுப்பட்டிருந்த விதத்தை அப்படியே எழுதினார். இது கண்மூடித்தனமான படுகொலை என்று தலைப்பிலேயே போட்டார். வட்டாரத்து மற்ற பத்திரிகை பூசி மெழுகிய நேரம் அது. இந்தப் பத்தியில் ஓக்ஹர்ஸ்ட் இல்லை, அழகான சாவு இல்லை. அவர் எழுதியதில் எனக்கு ஆக உயர்ந்தது இதுதான், கதைகளையும் சேர்த்து. கூட்டம் மிரட்டியது என்பது ஊர்ப் பேச்சு. ஒரு மாதத்துக்குள் அவர் கப்பலேறிச் சான்பிரான்சிஸ்கோ போய், பழையபடி கம்பாசிட்டர் வேலையில் உட்கார்ந்தார்.

தீவுக்குப் போகக்கூடாது, அது வியோட் மக்களின் புனித இடம். ஒரு கப்பல் பழுதுபார்ப்புக் கூடம் அங்கே ரசாயனக் கழிவை விட்டுப் போயிருந்தது. 2000இல் ஒன்றரை ஏக்கரைக் காசு திரட்டி வாங்கிய மக்கள், வருடக்கணக்காக அதைச் சுத்தம் செய்து, 2014இல் நின்றுபோன சடங்கை நடத்தி முடித்தார்கள். 2019 அக்டோபர் 21இல் யுரேகா நகராட்சி தன் வசமிருந்த இருநூறு ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டது.

பார்ப்பதற்கு நல்ல இடம் உட்லி தீவின் படகுத்துறை. 255ஆம் சாலைப் பாலத்தில் முதல் இறக்கத்தில் திரும்ப வேண்டும், வண்டி நிறுத்த இடம் உண்டு. தீவுக்கு மேலேயே அந்தப் பாலம் போகிறது, ஆனால் அதில் நிறுத்த முடியாது. பனி விலகப் பதினொரு மணி ஆகும், அதற்கு முன் போனால் வெறும் வெள்ளை. துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தவரிடம் எது துலுவாட் என்று கேட்டோம். ஊசியால் வடக்கு முனையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நினைவு நாளுக்குப் பல வருடம் பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மெழுகுவத்தி ஏந்திக் கூடினார்கள். பிப்ரவரியில் வருகிறவர்கள் மழைக் கோட்டு இல்லாமல் வரவேண்டாம்.

மதியம் யுரேகாவில் ஹம்போல்ட் வளைகுடாச் சிப்பி ஒரு டஜன், முப்பது டாலரைத் தாண்டிற்று. பிளாசர்வில்லில் கெட்ட வாய் சரியாயிற்று. தெற்கே 101இல் சான்பிரான்சிஸ்கோ ஐந்தரை மணி நேரம். வழியில் சாலை வேலை இருந்தால் ஏழு.